கிப்புஞ்சி: ஒரு குரங்கின் குலம் தேடி

ஆப்பிரிக்காவில் 83 ஆண்டுகளுக்குப் பின் அறியவந்த புதிய குரங்குப் பேரினம், உருவத்தால் ஒரு குலத்தையும் உதிரத்தால் வேறொரு குலத்தையும் காட்டி நின்ற வரலாறு.

தான்சானியாவின் தென்மேற்கில், நியாசா ஏரியின் வடமுனைக்கு அப்பால், ருங்வே என்னும் பழைய எரிமலை ஏறத்தாழ 2,960 மீட்டர் உயரத்திற்கு எழுந்து நிற்கிறது. அதன் சரிவுகளில் வாழையும் தேயிலையும் மக்காச்சோளமும் பயிரிட்டு வாழும் நியாகியூசா மக்கள், காட்டைப் பற்றிப் பேசும்போது கண்ணால் கண்ட பிராணிகளையும் கண்ணுக்குப் புலப்படாத ஆவிகளையும் ஒரே மூச்சில் பேசுவது வழக்கம். ஆகையால், 2003-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த மலையின் வனவிலங்குகளை ஆராய்ந்துகொண்டிருந்த டிம் டேவன்போர்ட் குழுவினரிடம், கிப்புஞ்சி என்றொரு கூச்சமுள்ள குரங்கு அங்கே உண்டென்று வேடர்கள் சொன்னபோது, அது உடம்போடு உலவும் ஜீவனா, கதையில் மட்டும் உலவும் ஜீவனா என்று நிர்ணயிக்க முடியாமல் அவர்கள் தயங்கியதில் வியப்பில்லை.

அந்த ஆண்டு மே மாதத்தில், ருங்வேயை அடுத்துள்ள லிவிங்ஸ்டன் காட்டில், இலைச் செறிவுக்கிடையே ஏதோ ஒன்று அசைந்து மறைவதைக் கண்டார்கள். ஐயமறக் காணும் பாக்கியம் டிசம்பரில்தான் அவர்களுக்கு வாய்த்தது. அடுத்த ஆண்டு ஜூலையில், அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலுள்ள உட்ஸுங்வா மலைகளில், சான்ஜே மங்கபே என்ற வேறொரு குரங்கினத்தைப் பற்றிய ஆய்வில் ஈடுபட்டிருந்த டிரெவர் ஜோன்ஸ் குழுவினர், டுண்டுலு என்னும் காட்டில் அதே பிராணியை எதிர்ப்பட்டார்கள். ஒருவர் கண்டதை மற்றவர் அறியாமலே இரண்டு குழுக்களும் ஒரே ரகசியத்தைச் சில காலம் தனித்தனியே காத்துவந்து, பிறகு செய்தி பரிமாறிக்கொண்டு, 2005 மே மாதம் ‘சயன்ஸ்’ இதழில் கூட்டாக ஒரு கட்டுரை வெளியிட்டன. நோவா ம்புங்கா, சோஃபி மச்சாகா என்ற தான்சானியர் இருவரும் அதன் ஆசிரியர்களில் அடங்குவர். உலகம் அதைப் புதிய குரங்கு என்று கொண்டாடியது. ருங்வேயின் வேடர்களுக்கு அது புதியதன்று. அவர்கள் அறிந்திருந்ததை விஞ்ஞானம் தாமதமாக அறிந்துகொண்டது என்று சொல்வதே நேர்மை. அவர்கள் வைத்திருந்த பெயரையே இனப் பெயராக ஏற்றுக்கொண்டதன்மூலம் விஞ்ஞானமும் அந்தக் கடனை ஓரளவு தீர்த்துக்கொண்டது.

ஆனால், பெயர் கிடைத்துவிட்டதால் குலம் தெரிந்துவிடுமா? இந்தக் கட்டுரை சொல்ல வரும் கதை அங்கேதான் தொடங்குகிறது.

கொண்டையும் கருமுகமும்

முதலில் அந்தப் பிராணியைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். உடலின் நீளம், வாலை நீக்கி, 85 முதல் 90 சென்டிமீட்டர். உடலெங்கும் நீண்டு அடர்ந்த பழுப்பு ரோமம். லிவிங்ஸ்டன் காட்டில் அது வாழ்வது 1,750 முதல் 2,450 மீட்டர் வரை உயரமுள்ள சரிவுகளிலாதலால், மலையின் கடுங்குளிருக்கு அந்த ரோமமே கம்பளி. முகம் கருமை, இமைகளும் கருமை. கன்னங்களின் இருபுறமும் கிருதாவைப்போல் மயிர் நீண்டு நிற்க, உச்சந்தலையில் அகன்ற கொண்டை ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. வயிற்றிலும் வாலின் கடைப்பகுதியிலும் மங்கலான வெண்மை. வளர்ந்த ஆண் எழுப்பும் அழைப்பு, தாழ்ந்த ஸ்தாயியில் கனைப்பும் குரைப்பும் கலந்தாற்போல் ஒலிக்கிறது. பெரும்பாலும் மரங்களிலேயே வாழ்ந்து, பழமும் இலையும் பட்டையும் பூவும் விதையும் தின்று, தரைக்கு அரிதாகவே இறங்கும் இயல்புடையது.

இத்தகைய ஒரு பிராணியை எந்தக் குலத்தில் சேர்ப்பது? லின்னேயஸ் 1758-இல் விலங்குகளுக்கு வகுத்த முறைப்படி, ஒவ்வொரு ஜீவராசிக்கும் பேரினப் பெயர் ஒன்றும் இனப் பெயர் ஒன்றுமாக இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர் வேண்டும். டார்வின் 1859-இல் தம்முடைய நூலை வெளியிட்ட பிறகு, அந்த முதற்சொல்லின் கனம் வெகுவாகக் கூடிவிட்டது. அதுவரை அலமாரியில் பொருள்களை அடுக்குவதைப்போல் நடந்துவந்த வகைப்பாடு, அன்றுமுதல் வம்சாவளி எழுதும் காரியமாயிற்று. ஆகவே ஒரு குரங்குக்குப் பேரினப் பெயர் இடுவது, இதனுடைய முன்னோர் இன்னார், பங்காளிகள் இன்னார் என்று பத்திரம் எழுதிக் கையொப்பமிடுவதற்குச் சமம்.

2005-இல் அந்தப் பத்திரத்தில் எழுதப்பட்ட பெயர் ‘லோஃபோசீபஸ் கிப்புஞ்சி’. மரவாழ்வு, மெலிந்த நீண்ட உடல், கொண்டை, யாவற்றிலும் முக்கியமாக, முகத்தோடு நிறம் ஒத்த கரிய இமை ஆகிய லட்சணங்களைக் கொண்டு, மத்திய ஆப்பிரிக்க மரங்களில் வாழும் லோஃபோசீபஸ் என்ற மங்கபேக் குரங்குகளின் குலத்தில் அதைச் சேர்த்தார்கள். இமையின் நிறத்தைக்கொண்டு குலம் காண்பதா என்று வாசகர் நினைக்கலாம். தரையில் உலவும் மற்றொரு மங்கபே வகையான செர்கோசீபஸ் குரங்குகளுக்கு மேலிமை வெளிறியிருக்கும். இமை தாழும்போதெல்லாம் கறுத்த முகத்தில் அந்த வெண்மை பளிச்சிட்டுத் தெரியும். அந்த வெண்மை கிப்புஞ்சியிடம் இல்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. புதிய இனத்தை அறிவிப்பவர், அந்தப் பெயர் எந்த உடலைக் குறிக்கிறதோ அந்த உடலை மூலமாதிரியாகப் பாதுகாத்து வைப்பது நெடுங்கால மரபு. இங்கோ உடல் இல்லை. மிகச் சிலவே எஞ்சியிருக்கும் ஒரு பிராணியைச் சாஸ்திரத்திற்காகச் சுட்டுக் கொல்ல மனமில்லாமல், புகைப்படத்தில் பதிந்த ஓர் ஆண்குரங்கையே மூலமாதிரியாக அறிவித்தார்கள். கையால் தொட்டு அளக்க முடியாத சாட்சி சாட்சியாகுமா என்று வகைப்பாட்டு அறிஞர்களிடையே எழுந்த விவாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. கொல்லாமைக்குச் சாஸ்திரம் கொடுத்த விலையும் உண்டு: மண்டையோட்டையும் மரபணுவையும் பார்க்காமல், தோற்றத்தையும் குரலையும் மட்டுமே கொண்டு குலம் எழுத வேண்டியதாயிற்று.

மங்கபேக்கள் கற்பித்த பாடம்

தோற்றத்தை நம்பிக் குலம் எழுதினால் என்ன நேரும் என்பதை மங்கபேக் குரங்குகளே முன்பு ஒருமுறை கற்பித்திருந்தன. மரத்து மங்கபேக்களும் தரை மங்கபேக்களும் நெடுங்காலம் ஒரே பேரினமாகக் கருதப்பட்டவை. இரண்டுக்கும் நீண்ட கைகால், நீண்ட வால், கண்ணுக்குக் கீழே கன்ன எலும்பில் விரல் வைத்தால் அமிழும் அளவுக்கு ஒரு பள்ளம். பார்ப்பவர் எவரும் உடன்பிறப்புகள் என்றே சொல்வர். ஆனால், இரத்தப் புரதங்களையும் பின்னர் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, மரத்து மங்கபேக்கள் சமவெளிகளில் திரியும் பபூன்களுக்கும் எத்தியோப்பியப் பீடபூமியின் ஜெலாடாக் குரங்குக்கும் நெருங்கிய சுற்றம் என்பதும், தரை மங்கபேக்கள் வண்ணமுகம் படைத்த மாண்ட்ரில் குரங்குகளின் பங்காளிகள் என்பதும் வெளிப்பட்டன.

அதன்பின் மண்டையோடுகளை மறுபடியும் எடுத்துப் பார்த்தவர்களுக்கு, முன்பு கண்ணில் படாத சான்றுகள் தென்பட்டன. தரை மங்கபேயும் மாண்ட்ரிலும் காட்டுத்தரையில் உதிர்ந்து கிடக்கும் கடினமான விதைகளைக் கிளறி எடுத்து உடைத்துத் தின்பவை. அதற்கேற்ப இரண்டுக்கும் முன்கடைவாய்ப் பற்கள் பருத்திருந்தன. எலும்பு பொய் சொல்லியிருக்கவில்லை. எந்த எலும்பைக் கேட்க வேண்டும் என்பதை நாம்தாம் அறிந்திருக்கவில்லை. ஒத்த வாழ்க்கை ஒத்த உருவத்தை உண்டாக்கும். உருவ ஒற்றுமையெல்லாம் குல ஒற்றுமை ஆகாது. இந்தப் பாடம் பழைய குரங்குகளுக்கு எவ்வளவு பொருந்தியதோ, அவ்வளவு புதிய கிப்புஞ்சிக்கும் பொருந்தப்போகிறது என்று 2005 மே மாதத்தில் எவரும் எண்ணவில்லை.

மக்காச்சோளக் கொல்லையில் ஒரு மரணம்

‘சயன்ஸ்’ கட்டுரை வெளிவந்த மூன்றே மாதங்களில், அதாவது 2005 ஆகஸ்டில், ருங்வே மலையடியில் மக்காச்சோளக் கொல்லை ஒன்றில் உழவர் வைத்திருந்த பொறியில் சிக்கி, முழு வளர்ச்சி அடையாத ஓர் ஆண் கிப்புஞ்சி இறந்து கிடந்தது. ஆராய்ச்சியாளர் ஒருவரும் செய்யத் துணியாததைப் பயிர் காக்கும் பொறி செய்துவிட்டது. அந்த உடல் சிகாகோ நகரின் ஃபீல்டு அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. வில்லியம் ஸ்டான்லி, எரிக் சார்ஜிஸ், லிங்க் ஆல்சன் முதலிய அறிஞர்கள் டேவன்போர்ட் குழுவினருடன் சேர்ந்து, மண்டையோட்டை அளந்தும், தசையிலிருந்து டி.என்.ஏ. எடுத்து மைட்டோகாண்ட்ரியாவிலும் உயிரணுவின் உட்கருவிலும் உள்ள பல மரபணுப் பகுதிகளை மற்றக் குரங்குகளுடன் ஒப்பிட்டும் ஆராய்ந்தார்கள்.

விடை எல்லோரையும் திகைக்க வைத்தது. மரபணுக்கள் காட்டிய மரத்தில், கிப்புஞ்சியின் கிளை மங்கபேக் கிளையில் இல்லை. அது பபூன்களின் கிளையோடு ஒட்டி நின்றது. மண்டையோடோ பபூனைச் சிறிதும் ஒத்திருக்கவில்லை. நாயின் முகத்தைப்போல் நீண்ட மூஞ்சியும், பல ஏக்கர் சமவெளியில் நடந்து திரிவதற்கேற்ற திரண்ட கட்டுமஸ்தும் பபூனின் அடையாளங்கள். மரக்கிளையில் கொண்டையோடு அமர்ந்திருக்கும் இந்த மெலிந்த பிராணியிடம் அவற்றைத் தேடிப் பயனில்லை. அதே சமயம், மங்கபேக்கு உரிய ஆழமான கன்னப்பள்ளமும் அதற்கில்லை. மரத்து மங்கபேயின் புகழ்பெற்ற கொக்கரிப்பும் அதன் குரலில் இல்லை. உருவத்தால் மங்கபேயிலும் அடங்காமல், உருவத்தால் பபூனிலும் அடங்காமல், உதிரத்தால் மட்டும் பபூனுக்கு அருகில் நிற்கும் இதற்குப் பழைய பேரினம் எதுவும் பொருந்தாது என்று தீர்மானித்து, 2006-இல் அதற்கென்றே ‘ருங்வேசீபஸ்’ என்னும் தனிப் பேரினத்தை ஸ்தாபித்தார்கள். ஆப்பிரிக்காவில் வாழும் குரங்குகளில் ஒரு புதிய பேரினம் வகுக்கப்பட்டது, ஆலன் சதுப்புநிலக் குரங்குக்குத் தனிப் பேரினம் அமைத்த 1923-க்குப் பிறகு அதுவே முதல் முறை. ஒரே ஆண்டுக்குள் குலப் பத்திரம் திருத்தி எழுதப்பட்டது. அதை விஞ்ஞானத்தின் தோல்வி என்று எண்ணுவது தவறு. புதிய சாட்சி வந்தவுடன் பழைய தீர்ப்பை மாற்றிக்கொள்ளும் அடக்கமே அதன் பெருமை.

தாய்வழி வந்த புதிர்

கதை அத்துடன் முடிந்திருந்தால் அழகாக இருந்திருக்கும். உண்மை அதைவிட ஆழமானது. 2009-இல் வெளிவந்த ஆய்வுகள் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தபோது, ருங்வேயிலிருந்து கிடைத்த கிப்புஞ்சியின் கோடு பபூன்களுக்குப் பக்கத்தில் மட்டும் நிற்கவில்லை, பபூன்களின் கிளைகளுக்கு உள்ளேயே, மஞ்சள் பபூனுக்கு அருகில் போய்ப் புகுந்து நின்றது. அப்படியானால் இது மரத்தில் ஏறிய ஒரு பபூன்தானா, தனிப் பேரினத்தையே கலைத்துவிட வேண்டியதுதானா என்ற கேள்வி எழுந்தது.

இங்கே மைட்டோகாண்ட்ரியாவின் தன்மையை நாம் புரிந்துகொள்ள வேண்டும். உயிரணுவின் உட்கருவில் உள்ள மரபணுக்கள் தாய் தந்தை இருவரிடமிருந்தும் வருகின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுவோ தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும், மகன் வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்லாது. முற்காலத்து நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழியில் சொத்து பெண்வழியே இறங்கியதைப்போல, இந்த மரபணுவும் தாய்க்குப்பின் மகள், மகளுக்குப்பின் பேத்தி என்றே இறங்கும். இப்போது, பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெண் பபூன் ஒன்று ஆண் கிப்புஞ்சியோடு கூடி ஒரு மகளை ஈன்றதாக நினைத்துப் பாருங்கள். அந்த மகளும், அவளுடைய மகள்களும், அவர்களுடைய மகள்களும் தலைமுறை தலைமுறையாகக் கிப்புஞ்சி ஆண்களையே துணையாகக் கொண்டால், பபூனின் சாயல் ஒவ்வொரு தலைமுறையிலும் பாதிப்பாதியாகக் கரைந்து, உருவமும் குரலும் முற்றும் கிப்புஞ்சியாகிவிடும். ஆனால், அந்த ஆதிப் பாட்டியின் மைட்டோகாண்ட்ரியா மட்டும் சிறிதும் கலையாமல் இறங்கிக்கொண்டே வரும். உடலெல்லாம் ஒரு குலம், தாய்வழிச் சொத்து மட்டும் மற்றொரு குலம்.

இது வெறும் கற்பனையாகத் தோன்ற வேண்டியதில்லை. மக்காக் குரங்குகள், பபூன்கள், மங்கபேக்கள், மாண்ட்ரில்கள் அனைத்தும் 42 குரோமோசோம்கள் கொண்டவையாதலால், பேரினம் கடந்த கலப்பும் அவற்றிடையே நிகழக்கூடியதே. கென்யாவின் அம்போசெலியில் மஞ்சள் பபூனும் ஆலிவ் பபூனும் கலந்து சந்ததி பெருக்குவதை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகக் கண்ணால் கண்டு எழுதிவருகிறார்கள்.

புதிரை அவிழ்க்கும் சாட்சி டுண்டுலுவிலிருந்து வந்தது. 2010-இல் வெளியான ஆய்வு, இரண்டு காடுகளின் கிப்புஞ்சிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, டுண்டுலுக் குரங்குகளின் தாய்வழிக் கோடு பபூன் கிளைகளுக்குள் புகாமல், பபூன் குலத்திற்கு உடன்பிறந்த தனிக்கோடாக வெளியே நிற்பதைக் கண்டது. பபூன் கலப்பு ருங்வே, லிவிங்ஸ்டன் பகுதியில் மட்டும் நேர்ந்த சம்பவம். அது கிப்புஞ்சி என்னும் இனம் பிறந்த கதையன்று, பிறந்தபின் அதன் ஒரு கிளைக்கு நேர்ந்த கதை. ருங்வேசீபஸ் தனிப் பேரினமாக நிலைத்தது.

பரிணாமத்தை நாம் மரமாக வரைந்து பழகிவிட்டோம். மரத்தில் ஒருமுறை பிரிந்த கிளைகள் மீண்டும் ஒன்று கூடுவதில்லை. கிப்புஞ்சியின் வரலாறோ, பிரிந்து ஓடும் கிளையாறுகள் சமவெளியில் எங்கோ ஓரிடத்தில் கரை உடைந்து ஒன்றின் நீர் மற்றொன்றில் கலந்து, பின்பு தத்தம் வழியே செல்வதைப்போல் இருக்கிறது. ஒரே ஒரு மரபணுவை வைத்துக் குலம் எழுதுகிறவர், ஆற்றில் ஒரு குடம் நீரை மொண்டு ஆற்றின் ஊற்றுக்கண்ணைச் சொல்ல முயல்கிறவர் ஆவார்.

நம் மலைகளின் சுற்றம்

இந்தப் பாடம் நமக்கும் அந்நியமன்று. ஆனைமலையிலும் களக்காட்டிலும் வாழும் சோலைமந்தி, சாலையோரத்தில் நாம் அன்றாடம் காணும் நாட்டுக்குரங்கோடு ஒரே மலையைப் பகிர்ந்துகொண்டாலும், அதன் நெருங்கிய சுற்றம் தென்கிழக்கு ஆசியாவின் பன்றிவால் குரங்குகளும் சுலவேசித் தீவின் குரங்குகளுமே. நீலகிரியின் கருமந்தியை, தோற்றத்தைக் கொண்டு தென்கிழக்காசிய இலைக்குரங்குகளின் பேரினத்தில் நெடுநாள் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பின் அது இந்திய மந்திகளின் பேரினத்திற்கு வந்து சேர்ந்தது.

கிப்புஞ்சி அறிவிக்கப்பட்ட அதே 2005-இல், அருணாசலப் பிரதேசத்தின் உயர்மலைகளில் கண்ட குரங்கொன்றை அனிந்தியா சின்ஹா முதலியோர் ‘மக்காக்கா முன்சாலா’ என்று அறிவித்தார்கள். அதுவும் மோன்பா மக்கள், அடர்காட்டுக் குரங்கு என்னும் பொருளில் வழங்கிவந்த பெயரே. உருவத்தால் அது அக்கம்பக்கத்து அஸ்ஸாமியக் குரங்கையும் திபெத்தியக் குரங்கையும் ஒத்திருக்க, அதன் மரபணுக்களைப் பார்த்தவர்களோ எதிர்பாராத விதமாகத் தென்னாட்டு நாட்டுக்குரங்கின் உறவைக் கண்டார்கள். குரங்கு, முசு, ஊகம் என்று மூன்றாகப் பகுத்துணர்ந்து, அவற்றின் பெண்ணுக்கு மந்தி என்று பெயர் வரையறுத்த தொல்காப்பிய மரபியல் நம்முடையது. காட்டோடு வாழ்ந்தவர்கள் பகுத்த பகுப்பின் நுட்பத்தை நாம் எளிதாக எண்ணலாகாது.

எழுபத்தைந்து சாட்சிகள்

குலம் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. 2008-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, உலகிலிருந்த கிப்புஞ்சிகள் மொத்தம் 1,117. அவை வாழ்ந்த காடு மரம் வெட்டுவோராலும் கரி சுடுவோராலும் துண்டு துண்டாக்கப்பட்டு, ருங்வேயையும் லிவிங்ஸ்டன் காட்டையும் இணைக்கும் புஜிங்கிஜிலா என்னும் குறுகலான இடைவழியும் தேய்ந்திருந்தது. பபூனின் ஒரு வகை என்றோ மங்கபேயின் ஒரு வகை என்றோ எழுதப்பட்டிருந்தால், ஏதோ ஒரு மலையில் ஏதோ ஒரு வகை குறைகிறது என்று உலகம் கடந்துபோயிருக்கும். ஒரு பேரினத்தின் ஒரே இனம் என்று தெரிந்தபின்தான், அந்த ஆயிரம் குரங்குகள் மறைந்தால் ஒரு முழு வம்சமே அற்றுப்போகும் என்பது புலனாயிற்று. பூக்களுக்குப் பேர்பெற்ற கிட்டுலோ தேசியப் பூங்கா லிவிங்ஸ்டன் காட்டையும் அணைத்துக்கொண்டது. ருங்வே மலையும் காப்புக்காடு ஆயிற்று. பிந்தைய கணக்கெடுப்புகள் அங்கே குரங்குக் கூட்டங்கள் பெருகுவதாக நம்பிக்கை அளிக்கின்றன.

ஆயினும் 1,117 என்ற அந்தத் தொகையை இன்னும் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். அவற்றில் 1,042 ருங்வே, லிவிங்ஸ்டன் காடுகளில் இருந்தவை. டுண்டுலுவில் இருந்தவை வெறும் 75. பபூன் கலவாத ஆதித் தாய்வழியைச் சுமந்து நின்றவை அந்த எழுபத்தைந்தே. மரம் வெட்டுவோரும் பொறி வைப்போரும் டுண்டுலுவைச் சற்று முன்னதாக எட்டியிருந்தால், 2010-இல் சாட்சி சொல்ல அங்கே எவையும் இருந்திரா. எஞ்சியிருக்கும் ஆயிரத்தின் உதிரத்தைப் பார்த்துவிட்டு, கிப்புஞ்சி பபூனின் பெண்வழிப் பேரன் என்று நாம் எழுதியிருப்போம். அந்தப் பிழையைப் பிழையென்று காட்ட உலகில் ஓர் உயிரும் இருந்திராது.